மாப்பிள்ளைக்குக் கழித்த இரண்டு மார்க்

மதிப்பும் பாசமும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் வலது முழங்கால், சம்பந்தியம்மாவின் ரத்த அழுத்தம், மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மோட்டார், மூன்றும் தேறிவருகின்றன என்று நம்புகிறேன்.

முந்தாநாள் நீங்கள் போன் செய்து, "ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். முழங்காலைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் என் மனைவி வந்து, சலூன் கதவில் ஒட்டியிருந்த மார்க் பட்டியலை எவனோ படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பிவிட்டான் என்று சொன்னாள். ஆமாம் சம்பந்தி, அந்தப் பட்டியலில் இருபத்து மூன்று ஆட்டக்காரர்களில் இருபத்து மூன்றாவதாக இருப்பது உங்கள் மகன்தான், எங்கள் மாப்பிள்ளைதான். அதற்குக் கீழே தலைவர் என்று போட்டு இருக்கிற கையெழுத்தும் என்னுடையதுதான். மறைக்க ஒன்றும் இல்லை. முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்றால், போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு அடுத்த வருடத்துக்கு இருபது பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், மூன்று பேரை அனுப்பியாக வேண்டும் என்று கிளப் செயலாளர் வருட ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். உடனே ஊரில் இருக்கிற எல்லா வாயும் திறந்துகொண்டது. முன்வரிசையில் ஆடுகிற 'புயல்' என்பவன் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் சலூனில் நாலு வாரம் சண்டை நடந்தது. ஒரு கட்சி, பதினோரு கோல் போட்டிருக்கிறான் என்றது. இன்னொரு கட்சி, போடாமல் விட்ட நாற்பதை யார் கணக்கு வைப்பது என்றது. முகத்தில் பாதி மழித்த ஒருவர் கோபத்தில் மீதியோடு எழுந்து போய்விட்டார். சண்டை பொறுக்காமல் செயலாளர் வந்து, ரசிகர்களில் நாலு பேர் கமிட்டியாக உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு மார்க் போடுங்கள், வருடக் கடைசியில் கோச் அதைப் பார்த்து முடிவெடுப்பார் என்றார். நான் முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறித் தராசும் எடைக்கல்லும் சோதித்து முத்திரை வைத்தவன் என்பதால், "நடுநிலைக்கு சாரை விட்டா வேற ஆளு ஏது?" என்று என்னைத் தலைவராக உட்கார வைத்துவிட்டார்கள். அப்போது மாப்பிள்ளையும் அதே அணியில் ஆடுகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்று யோசித்தால், அன்றைக்கே ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாம்.

மற்ற மூன்று பேரையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் சலூன்காரர், கமிட்டி கூடுவது அவருடைய கடையில்தான். இரண்டாமவர் பஸ் டிரைவர், பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்காமல் தனியாக ஓடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது, "ஸ்டாப்புல ஆள் நிக்குது, நிறுத்தாம போறான் பாருங்க" என்று கத்துவார். மூன்றாவது மருந்துக்கடை அம்மா. அவர் சீட்டில் எழுதும் எண்ணை அவரைத் தவிர அவர் கடைப் பையன்கள்தான் படிக்க முடியும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் தனித்தனியாக மார்க் எழுதி, மடித்து, சலூனில் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டுவிட வேண்டும். வருடம் முடியும் வரை டப்பாவைத் திறக்கக் கூடாது. திறந்தால் திரும்பவும் சண்டை வரும் என்பதால் அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தராசு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தராசு எப்போதும் ஒரு பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால், அது காட்டுவதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டோம், சாய்வு எவ்வளவோ அவ்வளவைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவோம். முதல் ஆட்டத்தன்று மாப்பிள்ளைக்கு எட்டு என்று எழுதப் போனேன். உடனே மனசு, "டேய், உன் தராசு எந்தப் பக்கம் சாயும்னு ஊருக்கே தெரியும்டா" என்றது. இரண்டைக் கழித்து ஆறு என்று எழுதினேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு ஆட்டத்துக்கும் இரண்டு இரண்டாகக் கழித்தேன். ஒரு ஆட்டத்தில் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து, பந்து உருண்டு கோட்டைத் தொடப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை எங்கிருந்தோ வந்து காலை நீட்டி வெளியே தள்ளினார் பாருங்கள், நான் என் வயதை மறந்து பெஞ்சு மேல் ஏறி நின்று குதித்தேன், முன்னால் இருந்தவர் தொப்பி பறந்து போனது. இவ்வளவு குதித்தவனுடைய சாய்வு சாதாரணமாக இருக்காதே என்று அன்றைக்கு மட்டும் மூன்று கழித்தேன்.

வருடம் முடிந்து டப்பாவைத் திறந்தோம். சராசரி போட்டது நான். மாப்பிள்ளைக்கு ஐந்தே கால். அவருக்கு மேலே யார் இருந்தார்கள் தெரியுமா? வருடம் முழுக்கப் பதினோரு நிமிடம் மட்டும் ஆடிய ஒருவனும், முதல் ஆட்டத்திலேயே கால் சுளுக்கி வீட்டில் படுத்துக்கொண்ட இன்னொருவனும். மறுபடியும் கூட்டினேன், அதே ஐந்தே கால். மற்ற மூன்று பேரும் ஐந்து, ஐந்தரை என்றே போட்டிருந்தார்கள். என் வாழ்நாள் புத்தி அங்கேயும் வேலை செய்தது. நாலு தராசு ஒரே எடையைக் காட்டினால் அதுதான் சரியான எடை. நான்தான் இத்தனை நாள் பாசத்தில் எட்டு எட்டு என்று கனவு கண்டிருக்கிறேன், கழித்ததுதான் என் மானத்தைக் காப்பாற்றியது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவது மன்னிப்பை இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலம் என் மகள் வந்தாள். இரண்டு தெருத் தள்ளித்தானே இருக்கிறார்கள், வேலை முடிந்து வரும்போது தினமும் எட்டிப் பார்ப்பாள். அன்றைக்கு உள்ளே வரவில்லை. வாசலில் நின்றுகொண்டே அவள் அம்மாவிடம், "அம்மா, உள்ள ஒரு ஆபீசர் உக்காந்திருக்காரே, அவர்கிட்ட சொல்லு, என் வீட்டுக்காரருக்கு முப்பத்திரண்டு வயசு, இந்த டீம் வேண்டாம்னு சொல்லிட்டா வேற எந்த டீமும் எடுக்காது, நாளைக்கு லிஃப்ட் ரிப்பேர் பாக்குற பையைத் தவிர அவர் கையில எதுவும் இருக்காதுன்னு" என்றாள். நான் நாற்காலியில் அவளுக்கு நாலடி தூரத்தில் இருக்கிறேன். என் மனைவி திரும்பி, "என்னங்க, உங்க பொண்ணு சொல்றா..." என்று முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். "கேட்டுச்சு" என்றேன். "கேட்டுச்சாம்டி" என்றாள் மகளிடம். அன்று முதல் இந்த வீட்டில் இப்படித்தான் பேச்சு நடக்கிறது.

மகள் பேசாததைக்கூடத் தாங்கிக்கொள்வேன் சம்பந்தி. மாப்பிள்ளை பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, "பரவாயில்ல மாமா, நீங்க நேர்மையாத்தான் போட்டிருப்பீங்க. நான் இன்னும் கொஞ்சம் நல்லா ஆடியிருக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். அணியை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகிற மனுஷனிடம் நான் என்ன சொல்வேன்? "சாப்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். காலை ஆறு மணி.

அடுத்து சலூனில் நடந்ததைக் கேளுங்கள். புதன்கிழமை நாங்கள் நாலு பேரும் அங்கே இருந்தோம். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு ஒரு வெளியூர்க்காரர், பக்கத்து ஊர் அணியின் ரசிகராம். கதவில் இருந்த பட்டியலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னங்க, பட்டியலைத் தலைகீழா ஒட்டிட்டீங்களா? கடைசியில இருக்காரே, அந்தத் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி எங்க பசங்களால ரெண்டு மேட்ச்லயும் ஒரு கோல்கூடப் போட முடியல. உங்களுக்கு வேண்டாம்னா எங்களுக்குக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார். சலூன்காரருடைய கத்தி அந்தரத்தில் நின்றது. "தலைவரே, தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு சொல்லணும்" என்று இழுத்தார். "எப்படியும் நீங்க மருமகனுக்கு ஏத்திப் போடுவீங்கன்னு நினைச்சு, சரிக்கட்டுறதுக்காக நான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு குறைச்சுத்தான் போட்டேன்."

பஸ் டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். "நீங்களுமா? நான் மட்டும்தான்னு நினைச்சேனே!" என்றார். நாங்கள் மூன்று பேரும் மருந்துக்கடை அம்மாவைப் பார்த்தோம். அவர் பையைத் திறந்து எதையோ தேடுவது போலத் தேடி, "நான் மூணு" என்றார். "பொண்ணைக் கட்டிக் குடுத்தவரு பாசம் ரெண்டுல அடங்குமா? அதான் டோஸைக் கொஞ்சம் கூட்டிட்டேன்." நான் மெதுவாக, "நானும் ரெண்டு கழிச்சேன்" என்றேன். நுரைக்காரர்தான், "அப்போ ஒரு மேட்ச்சுக்கு ஒம்போது மார்க்கா?" என்று கணக்குப் போட்டுச் சொன்னார். இல்லாத என் பாசத்தை மூன்று பேர் கழிக்க, இருந்த பாசத்தை நானே கழிக்க, நடுவில் ஒரு நல்ல ஆட்டக்காரனை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிய்த்துப் போட்டிருக்கிறோம். நாலு தராசும் ஒரே எடையைக் காட்டியதே என்று பெருமைப்பட்டேனே, நாலையும் ஒரே மாதிரி கெடுத்து வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே மூன்றாவது மன்னிப்பு, இதை நாலு பேர் சார்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதரைப் பாதி முகத்தோடு விட்டுவிட்டு நாலு பேரும் கோச்சைத் தேடி ஓடினோம். அவர் பகலில் மரப்பட்டறையில் கதவு, ஜன்னல் செய்கிறவர். காதில் பென்சிலோடு ஒரு சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஸ்ட் ஒட்டணும். வியாழக்கிழமைக்குள்ள திருத்திக் குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அணி கோல் போட்டாலும் தோற்றாலும் அந்த மனிதர் ஒரே முகம்தான் வைத்திருப்பார்.

திரும்பி வந்து திருத்த உட்கார்ந்தோம். கழித்ததைக் கூட்டினால் போதும்தானே? ஆனால் குற்ற உணர்ச்சி என்று ஒன்று இருக்கிறதே. சலூன்காரர் கழித்த இரண்டோடு, "பாவம், என் கணக்குல இன்னும் மூணு சேருங்க" என்றார். அவர் மூன்று என்றால் டிரைவர் விடுவாரா? கடைசியில் சராசரி பார்த்தால் பத்துக்குப் பத்தரை வந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோச் எங்கள் நாலு பேரையும் பலகையோடு சேர்த்து இழைத்துவிடுவார். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். "முதல்லேருந்து ஒவ்வொரு மேட்ச்சா எடுத்து, அவர் என்ன பண்ணார்னு சத்தமா சொல்லி மார்க் போடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன், எழுத மட்டும் செய்யறேன்" என்றேன்.

சம்பந்தி, அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பக்கத்து ஊர் ஆட்டத்தில் புயல் கோல் போட்டதைப் பற்றி ஊரே பேசியதே, அந்தப் பந்து கிளம்பியதே உங்கள் மகன் காலிலிருந்துதான் என்று டிரைவர் சொன்னார். "அவர் நிக்கிற இடத்துக்குப் பந்து வராது. ஏன் வராதுன்னா அவர் அங்க நிக்கிறதாலதான்" என்றார். எதிரணி ஆள் ஒருவன் விழுந்து கால் பிடித்துக்கொண்டபோது, நடுவர் வருவதற்கு முன் மாப்பிள்ளை ஓடிப்போய்க் காலைப் பிடித்து நீட்டிவிட்டதை மருந்துக்கடை அம்மா சொன்னார். மழையில் ஆடிய ஆட்டத்தில் கோல்கீப்பருக்குக் கால் விறைத்துப்போய், அவர் உதைக்க வேண்டிய ஒவ்வொரு உதையையும் கடைசி அரைமணி நேரம் மாப்பிள்ளைதான் உதைத்தார் என்பது சலூன்காரர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நான் அன்று அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தது முழுக்க என்னை, என் சாய்வை, என் நேர்மையை. மனுஷனைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தவனுக்குக் கண் கலங்கி எழுத்து மறைந்தது. "தலைவரே, சோப்பு நுரை பட்டுடுச்சா?" என்று சலூன்காரர் துண்டு கொடுத்தார். நல்ல மனுஷன், தெரிந்தேதான் கேட்டார்.

முடிவில் ஏழே முக்கால் வந்தது. இருபத்து மூன்று பேரில் மூன்றாவது இடம். ஒரு புள்ளி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இன்று வியாழக்கிழமை, காலையிலேயே நாலு கையெழுத்தோடு கொண்டுபோய்க் கோச் கையில் கொடுத்துவிட்டோம். வாங்கி மடித்து ஆணி டப்பாவுக்குக் கீழே வைத்தார். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதான வாசலில் லிஸ்ட் ஒட்டுவார்கள். நான் நம்பிக்கையோடுதான் இருக்கிறேன். ஏழே முக்கால் வாங்கியவரை யார் அனுப்புவார்கள்?

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, பெரியவர் உங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு இங்கே நியாயம் கேட்க வருவதாக சம்பந்தியம்மா என் மனைவியிடம் சொன்னாராம், தயவுசெய்து அதை அடுத்த வாரம் வரை தள்ளிவையுங்கள். இரண்டு, பெற்ற மகனுக்கு ஒரு அநியாயம் நடந்தால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம், ஆனால் என் மகளுக்கு ஒரு போன் போட்டு, "அப்பா தெரியாம பண்ணிட்டாரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். உங்களைப் போல் மகனுக்காகப் பொங்கியெழும் மாமனார் கிடைத்தது அவள் அதிர்ஷ்டம் என்று அவளே அம்மாவிடம் சொன்னாள். எனக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், உங்கள் அண்ணனுக்கு இரட்டிப்பு வணக்கம், வீட்டில் உள்ள சின்னவர்களுக்கு எங்கள் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிதானத்தோடும் இருக்க வேண்டும், முக்கியமாக நிதானத்தோடு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: நேற்றுத் தபால் பெட்டி வரை போயும் இதைப் போட மனம் வராமல் திரும்பினேன், நல்லதாகப் போயிற்று. இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஏழு மணி. லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் முதலில் இருக்கிறது, பக்கத்தில் கேப்டன் என்றும் போட்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் "மாமா" என்றார், கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் மகள் நேராக என்னிடமே, "அப்பா, டீ குடிக்கலாம் வாங்க" என்றாள், நடுவில் அம்மா இல்லாமல். பிறகு கோச் என்னைத் தனியே கூப்பிட்டார். எங்கள் முதல் பட்டியலையும் அவர் படிக்கவில்லையாம், இரண்டாவதையும் படிக்கவில்லையாம், ஆணி டப்பா ஆடாமல் இருக்க அடியில் கொடுத்திருக்கிறார். ஆனால் போன மாதம் தபாலில் வந்த ஒரு கடிதத்தை மட்டும் படித்தாராம். அதை என்னிடம் கொடுத்தார். "ஐயா, என் மகன் உங்கள் அணியில் ஆடுகிறான். மார்க் போடும் கமிட்டிக்குத் தலைவர் அவனுடைய மாமனார். நல்லவர், ஆனால் பாசக்காரர். ஆகவே என் மகனுக்கு அவர்கள் எவ்வளவு போட்டாலும், அதில் இரண்டைக் கழித்தே எடுத்துக்கொள்ளவும்" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது சம்பந்தி. கோச் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். "பெத்த அப்பா, மாமனார், கமிட்டின்னு இத்தனை பேர் சேர்ந்து கழிச்சும் ஒரு ஆள் மிச்சம் நிக்கிறார்னா, அவரை விட்டா வேற யாரு சார் கேப்டன்?" என்றார். நான் மேலே கேட்டிருக்கும் மன்னிப்பு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. சட்டையைத் துவைக்கப் போட வேண்டும் என்று என் மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள், பக்கத்தில் என் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். சீக்கிரம் போன் செய்யவும்.